மாடல் விமானமும் 36 மீட்டர் காற்றும்

ஓர் அங்குலத்தை ஆறு அடிக்குச் சமமாகக் கொண்டால் கிடைப்பது 1/72 என்னும் விகிதம். ஆறடி மனிதன் அந்த உலகில் ஓர் அங்குல உயரம் நிற்பான். 11.23 மீட்டர் இறக்கை நீளமுள்ள ஸ்பிட்ஃபயர் போர் விமானம் 15.6 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். 1930-களில் பிரிட்டனில் மரத்தாலும் உலோகத்தாலும் இந்த அளவில் மாடல் விமானங்கள் செய்யப்பட்டன. 1936-ல் 'ஃப்ராக்' என்ற பெயரில் விற்ற நிறுவனம் பிளாஸ்டிக் பாகங்களைப் பெட்டியில் அடைத்து, 'பெங்குவின்' என்று பெயரிட்டு விற்கத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 'ஏர்ஃபிக்ஸ்' போன்ற நிறுவனங்கள் பாலிஸ்டைரீன் பாகங்களை மலிவு விலைக்குக் கொண்டுவந்தன. பாகங்களைப் பசையிட்டு ஒட்டி வண்ணம் தீட்டுவது பள்ளிச் சிறுவர் முதல் ஓய்வு பெற்ற பொறியாளர் வரை பலருக்கும் பொழுதுபோக்காயிற்று.

பொழுதுபோக்கு விரைவிலேயே சங்கமாகவும் ஆயிற்று. லண்டனில் மாடல் ரயில் சங்கம் ஒன்று 1910-லேயே தோன்றிவிட்டது. பிளாஸ்டிக் மாடல் செய்வோரின் பன்னாட்டுச் சங்கம் 1960-களின் முற்பகுதியில் பிரிட்டனில் உருவாகிப் பல நாடுகளில் கிளை விட்டது. மாதக் கூட்டம், ஆண்டுக் கண்காட்சி, மேசைமேல் வரிசையாக வைத்து நடுவர்கள் பார்வையிடும் போட்டி என்று இச்சங்கங்களின் வாழ்க்கை ஒழுங்காக நடக்கிறது. அவர்களுக்கென்று தனி எழுத்துத்துறையும் உண்டு. வரைபடங்கள், வண்ண அட்டவணைகள், செய்முறைக் குறிப்புகள், போட்டி விதிகள் என்று அது பரந்து கிடக்கிறது. அந்த எழுத்தில் பல்லாண்டுகளாக வழங்கிவரும் ஒரு கோட்பாட்டைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரு பொழுதுபோக்கின்மேல் இயற்பியலை ஏவுவானேன் என்று வாசகர் கேட்கலாம். முதலில் இயற்பியலைத் துணைக்கு அழைத்தவர்கள் அவர்களே!

அவர்களுடைய உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஒரு விமானத்தின் உண்மையான வண்ணம் எது என்று அறிய, அருங்காட்சியகத்தில் உள்ள விமானத்தின் உள்மூலைகளை, வெயில் படாத இடங்களை, தேடிப் பார்ப்பவர்கள் உண்டு. பிரிட்டிஷ் தர நிர்ணயத்தின் 381சி அட்டை, 1956-ல் வெளியான அமெரிக்க அரசின் 595 என்னும் வண்ணத் தரம், ஜெர்மானியரின் ஆர்.ஏ.எல். எண்கள் ஆகியவை இந்தச் சங்கங்களில் சாதாரணப் பேச்சில் அடிபடுபவை. உடற்பகுதியில் எத்தனை ரிவெட் இருக்க வேண்டும் என்று எண்ணிக் குறை சொல்பவரை 'ரிவெட் எண்ணுகிறவர்' என்று அவர்களே கேலி செய்துகொள்வார்கள். அளவில் அத்தனை கண்டிப்பு.

இந்தக் கண்டிப்புக்கு நடுவில் தெரிந்தே வைத்துக்கொண்ட பிழைகளும் உண்டு. மாடல் ரயிலை எடுத்துக்கொள்வோம். உண்மையான ரயில் பாதையின் அகலம், அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட தூரம், 1435 மில்லிமீட்டர். ஓர் அடிக்கு 3.5 மில்லிமீட்டர் என்று, அதாவது 1/87 ஆகக் குறைத்தால், அது 16.5 மில்லிமீட்டர் ஆகும். ஐரோப்பாவில் இதுவே வழக்கம். ஆனால் பிரிட்டனின் ரயில் எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களைவிட உடல் ஒடுங்கியவை. அக்காலத்து மோட்டார் 1/87 அளவு பிரிட்டிஷ் எஞ்சினுக்குள் நுழையவில்லை. ஆகவே உடலை மட்டும் ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்று பெரிதாக்கி, தண்டவாளத்தைப் பழைய 16.5 மில்லிமீட்டரிலேயே விட்டுவிட்டார்கள். கணக்குப்படி இருக்க வேண்டியது 18.83 மில்லிமீட்டர். 1938-ல் வந்த ஹார்ன்பி டப்ளோ ரயில் முதல் இன்றுவரை பிரிட்டனின் பெரும்பாலான மாடல் ரயில்கள் ஏறத்தாழ 7 அங்குலம் குறுகிய பாதையில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன! இதைச் சகிக்காத சிலர் 18 மில்லிமீட்டருக்கு மாறினார்கள். 1960-களில் இன்னும் சிலர் 18.83-க்கே போனார்கள். மற்றவர்கள் 16.5-லேயே நின்றார்கள். இதில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. பிழை எது, எவ்வளவு, ஏன் வந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்து ஏற்றுக்கொண்ட சமரசம் அது.

வண்ணத்தில் நடப்பது வேறு. உண்மை விமானத்துக்குப் பூசிய அதே பெயிண்டை மாடலுக்குப் பூசினால், மாடல் மிகவும் இருண்டு, பொம்மைபோலத் தோன்றுகிறது. இது உண்மையான அனுபவம், பலரும் ஒப்புக்கொள்வது. இதற்குச் சங்க எழுத்துகள் சொல்லும் காரணம் இது: "1/72 மாடலை அரை மீட்டர் தொலைவிலிருந்து பார்க்கிறோம். அது உண்மை விமானத்தை 36 மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பதற்குச் சமம். ஆனால் உண்மையில் 36 மீட்டர் காற்று நடுவில் இருக்கும். காற்று ஒளியைச் சிதறடித்து வண்ணத்தை வெளிறச் செய்யும். மாடலுக்கும் கண்ணுக்கும் இடையே அந்தக் காற்று இல்லை. ஆகவே அந்தக் காற்றை நாமே பெயிண்டில் கலக்க வேண்டும்." காற்றைக் கலப்பது என்றால் வெள்ளையைக் கலப்பது. எவ்வளவு என்பதற்கு ஓர் அட்டவணையும் புழங்குகிறது. 1/32 மாடலுக்கு 7 விழுக்காடு, 1/48-க்கு 10, 1/72-க்கு 15, 1/144-க்கு 23.

படிக்கும்போது அழகான வாதம். தொலைமலை வெளிறி நீலமாகத் தெரிவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஓவியர்கள் காலங்காலமாக இதைக் கையாளுகிறார்கள். அதனால் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை. ஆனால் மலை எத்தனை தொலைவில் இருக்கிறது, விமானம் எத்தனை தொலைவில் இருக்கிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

காற்றின் தெளிவை அளக்க வானிலையாளர்கள் 'பார்வைத் தொலைவு' என்ற அளவை வைத்திருக்கிறார்கள். அடிவானத்தின் முன் நிற்கும் ஒரு கறுப்புப் பொருள், பின்னணியிலிருந்து வெறும் 2 விழுக்காடு வேறுபாட்டோடு தெரியும் அளவுக்கு மங்கிப்போகும் தொலைவு அது. காற்றினூடே செல்லும் ஒளி, தொலைவுக்கேற்ப அடுக்குக்குறி விதிப்படி குறைகிறது. 2 விழுக்காடு என்பது ஐம்பதில் ஒரு பங்கு; 50-ன் இயல் மடக்கை 3.912. ஆகவே 3.912-ஐப் பார்வைத் தொலைவால் வகுத்தால் அந்தக் காற்றின் மங்கல் எண் கிடைத்துவிடும். அதை நாம் பார்க்கும் தொலைவால் பெருக்கினால், அந்தத் தொலைவுக் காற்று எவ்வளவு வெண்திரை போடுகிறது என்பது தெரியும். (பெருக்கிவரும் எண் சிறியதாக இருந்தால் அதுவே ஏறக்குறைய விடை. பெரிதானால் அடுக்குக்குறிச் சார்பைப் பயன்படுத்த வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் இதைத் தாமே செய்து பார்க்கலாம்.)

நல்ல தெளிவான நாளில் பார்வைத் தொலைவு 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 36 மீட்டர் காற்றின் வெண்திரை 0.7 விழுக்காடு. 15 அல்ல, ஒன்றுகூட அல்ல. சற்று மங்கலான நாள், பார்வைத் தொலைவு 5 கிலோமீட்டர் என்றாலும் 2.8 விழுக்காடுதான் வருகிறது.

இனி கணக்கைத் திருப்பிப் போடுவோம். அட்டவணை சொல்லும் 15 விழுக்காடு சரியாக இருக்க வேண்டுமானால் காற்று எப்படி இருக்க வேண்டும்? 1/72 மாடலுக்குப் பார்வைத் தொலைவு 867 மீட்டர் என்று விடை வருகிறது. 1/48-க்கு 891 மீட்டர். 1/32-க்கு 862 மீட்டர். 1/144-க்கு 1078 மீட்டர். அட்டவணை தனக்குள் ஓரளவு ஒத்துப்போகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நான்கு விகிதங்களும் ஏறக்குறைய ஒரே காற்றைத்தான் சொல்கின்றன. ஆனால் அது எந்தக் காற்று? பார்வைத் தொலைவு 1 கிலோமீட்டருக்குக் கீழே போனால் அதற்கு வானிலையாளர் கொடுக்கும் பெயர் மூடுபனி. விமானம் இறக்க விமானிகள் தயங்கும் காலை நேரத்தைத்தான் இந்த அட்டவணை மாடல்மேல் பூசச் சொல்கிறது. மாடலை அரை மீட்டருக்குப் பதில் ஒரு மீட்டரிலிருந்து பார்ப்பதாகக் கொண்டாலும் பார்வைத் தொலைவு இரு மடங்காகும், அவ்வளவுதான். மூடுபனி பனிமூட்டமாக மாறும், வெயில் அடிக்காது.

கணக்கில் நம்பிக்கை இல்லாதவர் கண்ணை நம்பலாம். கிரிக்கெட் ஆடுகளத்தின் நீளம் 20 மீட்டர். எல்லைக் கோட்டருகே நிற்கும் வீரர் பந்து வீசுபவரிடமிருந்து 60, 70 மீட்டர் தள்ளி நிற்கிறார். அவர் கண்ணுக்குச் சிவப்புப் பந்து ரோஜா நிறமாகவா தெரிகிறது? சிவப்புப் பெயிண்டில் 15 பங்கு வெள்ளையைக் கலந்து பாருங்கள். வெளுத்துப்போன சிவப்புதான் கிடைக்கும். விமானத்தின் இறக்கையில் உள்ள சிவப்பு வட்டத்தை இப்படி வெளுக்கச் செய்துவிட்டு, 'இதுதான் அளவுக்கேற்ற வண்ணம்' என்று போட்டியில் வைப்பது கண்ணுக்கு நேர் எதிரான செயல்.

இன்னொரு குழப்பமும் இதில் உண்டு. ஒளியின்மேல் ஒளியைக் கூட்டுவது வேறு. நிறமியோடு நிறமியைக் கலப்பது வேறு. காற்று செய்வது முன்னது, தூரிகைக்காரர் செய்வது பின்னது. கறுப்புப் பெயிண்டில் 15 பங்கு வெள்ளை கலந்தால் அது 15 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பதில்லை. ஒளியை விழுங்குவதில் கறுப்பு நிறமி மிகவும் வலியது. அதைவிட நன்றாகக் குறைந்த ஒளியே திரும்பும். அதே 15 பங்கு, மென்மையான சாம்பல் நிறத்தில் வேறு விளைவைத் தரும். ஆகவே '15 விழுக்காடு' என்பதற்கு ஒளியியலில் ஒரே பொருள் இல்லை. எண் இருப்பதாலேயே ஒன்று அறிவியல் ஆகிவிடாது என்று என் மாணவர்களிடம் ஆண்டுதோறும் சொல்லி வருகிறேன். இந்த அட்டவணை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

"காரணம் எதுவானால் என்ன? வெள்ளை கலந்தால் மாடல் பார்க்க நன்றாக இருக்கிறதே!" என்று அனுபவசாலிகள் பதில் சொல்வார்கள். இந்தப் பதிலை நான் அலட்சியம் செய்யவில்லை. மாடல் இருண்டு தோன்றுவது மெய். அப்படியானால் அதற்கு மெய்யான காரணம் இருக்க வேண்டும். அதைக் கண்டால் மருந்தும் மாறும். காய்ச்சலுக்குக் கண்ணேறு காரணம் என்று சொன்னவர் கொடுத்த கஷாயம் சில சமயம் கேட்கும்; எல்லாக் காய்ச்சலுக்கும் கேட்காது.

முதற்காரணம் வெளிச்சம். நண்பகல் வெயிலில் தரைமேல் விழும் ஒளி ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். நிழலில்கூட 10,000 லக்ஸ் அளவில் இருக்கும். மாலையில் குழல் விளக்கெரியும் நம் வீட்டுக் கூடத்தில் இருப்பது 200 லக்ஸ், மிஞ்சினால் 500. கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த வேறுபாட்டை நாம் உணர்வதில்லை. ஆனால் வண்ண உணர்வு முழுதாகச் சரியாவதில்லை. ஒளி கூடக் கூட வண்ணத்தின் செழுமை கூடித் தோன்றும், குறையக் குறைய மங்கும் என்பதை ஹன்ட் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1952-ல் அளந்து காட்டினார். இன்றும் இது அவர் பெயராலேயே வழங்குகிறது. நமக்கு இது புதிதல்ல. ஜவுளிக்கடையில் புடவையை வாசலுக்கு எடுத்துச் சென்று வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கும் பெண்கள், ஹன்ட்டுக்கு வெகு முன்பே இதை அறிந்தவர்கள். கடைக்குள் கறுப்பாகத் தெரிந்த புடவை வாசலில் கருநீலமாகிவிடும். போர் விமானங்களின் மறைப்பு வண்ணங்களான இருண்ட பச்சையும் இருண்ட பழுப்பும் அறைக்குள் ஒன்றோடொன்று கலந்து கருமையாகத் தெரிவதும் இதனால்தான்.

இரண்டாவது காரணம் இன்னும் எளியது. வண்ண அட்டையில் இருப்பது புதுப் பெயிண்ட். விமானத்தில் நாம் பார்த்ததோ, புகைப்படத்தில் பார்த்ததோ, வெயிலிலும் மழையிலும் பல மாதம் நின்ற பெயிண்ட். புற ஊதாக் கதிர்கள் பெயிண்டின் பிசினைச் சிதைக்கும்போது நிறமித் தூள் மேற்பரப்பில் சுண்ணாம்புபோல் பூத்து நிற்கும். கையால் தடவினால் விரலில் ஒட்டும். பழைய பேருந்தின் கூரையிலும் வெயில் படும் இரும்புக் கதவிலும் இதைக் காணலாம். இந்த வெளிறல் பொருளின்மேல் இருப்பது. நடுவிலுள்ள காற்றில் இருப்பதன்று. அது விகிதத்தைப் பொறுத்ததும் அன்று. ஆறு மாதம் பாலைவனத்தில் நின்ற விமானத்தின் மாடல் 1/32 ஆனாலும் 1/144 ஆனாலும் ஒரே அளவுதான் வெளிற வேண்டும். புதிதாகத் தொழிற்சாலையிலிருந்து வந்த விமானத்துக்கு வெளிறலே கூடாது. அட்டவணை இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இல்லை.

இந்தக் காரணங்களுக்கும் காற்றுக் கோட்பாட்டுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்ல ஒரு சோதனை இருக்கிறது; செலவில்லாதது. வெள்ளை கலக்காத வண்ணம் பூசிய மாடலைக் காலை பத்து மணி வெயிலில் கொண்டுபோய் வைத்து, அதே அரை மீட்டரிலிருந்து பாருங்கள். நடுவில் இருப்பது அதே அரை மீட்டர் காற்று. காற்றுதான் காரணமென்றால் மாடல் வெயிலிலும் பொம்மைபோல இருண்டே தோன்ற வேண்டும். வெளிச்சம் காரணமென்றால் தெளிய வேண்டும். இருண்ட பச்சை பூசிய அட்டை ஒன்றைக் கல்லூரி மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தேன். ஆய்வகத்தில் கறுப்பென்று சொல்லத்தக்கதாக இருந்தது, வெளியே ஐயமில்லாமல் பச்சையாகவே இருந்தது. மாடல்களைப் படம் பிடிப்பவர்களுக்கும் இது தெரியும். படம் உண்மைபோல வர வேண்டுமென்றால் மாடலை வெயிலுக்கு எடுத்துப் போகிறார்கள். ஆனால் அதே சங்கத்தில், அதே மேசையில், காற்று அட்டவணையும் அச்சிட்டுக் கொடுக்கப்படுகிறது!

காரணம் மாறினால் மருந்து எப்படி மாறுகிறது என்று பாருங்கள். வெள்ளை, வண்ணத்தின் ஒளிர்வைக் கூட்டும்போதே அதன் செழுமையைக் குறைக்கிறது. அறை வெளிச்சத்தில் குறைந்துபோனது செழுமையும்தான். ஆகவே வெள்ளையால் ஒன்றைச் சரிசெய்து மற்றொன்றை மேலும் கெடுக்கிறோம். பச்சையைச் சற்று மஞ்சளால் வெளிறச் செய்தால் செழுமை அவ்வளவு போகாது. பழுப்புக்கு இளம் மண்நிறம், சிவப்புக்குச் செம்மஞ்சள். இதைச் செய்யும் கைதேர்ந்தவர்கள் சங்கங்களில் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கண் சொல்கிறபடி செய்துவிட்டு, காரணம் கேட்டால் காற்றைக் காட்டுகிறார்கள்.

வெளிச்சத்தின் அளவைப் போலவே அதன் வடிவமும் முக்கியம். இதைப்பற்றிச் சங்க எழுத்துகள் பேசுவது குறைவு. என் கருத்தில் மாடலைப் பொம்மையாக்குவது வண்ணத்தைவிட நிழல்தான்.

வானத்தில் சூரியன் அடைத்துக்கொள்ளும் கோணம் ஏறக்குறைய அரை பாகை. அதனால் ஒரு பொருளின் நிழல் ஓரத்தில் விழும் புறநிழலின் அகலம், பொருளுக்கும் தரைக்கும் உள்ள தொலைவில் 108-ல் ஒரு பங்கு. தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இறக்கை இருந்தால் நிழலின் விளிம்பு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் மங்கியிருக்கும்; கூர்மையான நிழல் என்றுதான் சொல்வோம். மாடலில் இறக்கை 2.8 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெயிலில் வைத்தால் மங்கல் 0.26 மில்லிமீட்டர். 72-ஆல் பெருக்கினால் அதே 2 சென்டிமீட்டர்! கோணம் என்பது விகிதத்துக்குக் கட்டுப்படாதது. சூரியன் மாடலுக்கும் விமானத்துக்கும் ஒரே நீதி செய்கிறது.

குழல் விளக்கு அப்படியல்ல. 1.2 மீட்டர் நீளக் குழல் 2 மீட்டர் உயரத்தில் தொங்கினால், அதன் நீளவாக்கில் மங்கல் 1.7 சென்டிமீட்டர். 2.8 சென்டிமீட்டர் உயரத்திலுள்ள இறக்கைக்கு இது நிழலையே கரைத்துவிடும். விமான உடலின் சிறு பள்ளங்கள், தகடுகளின் விளிம்புகள், எஞ்சினின் துளைகள் எல்லாம் நிழலிழந்து தட்டையாகிவிடுகின்றன. கண் நிழலைக் கொண்டுதான் உருவத்தின் பருமையை அறிகிறது. அது இல்லாதபோது, மூளை இதைக் கையளவு பிளாஸ்டிக் என்று உடனே சொல்லிவிடுகிறது.

ஆகவேதான் பள்ளங்களில் இருண்ட நீர்த்த பெயிண்டை ஓடவிட்டும், மேடுகளில் கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் வெளிர் வண்ணத்தைத் தேய்த்தும் நிழலையும் ஒளியையும் தீட்டுகிறார்கள். 1970-களில் அமெரிக்கரான ஷெப்பர்ட் பெயின், பெல்ஜியத்தின் ஃபிரான்ஸ்வா வெர்லின்டன் போன்றவர்களின் கைவண்ணத்தால் இந்த முறை உலகெங்கும் பரவியது. 'உண்மை விமானத்தில் இப்படிக் கறுப்புக் கோடு கிடையாது, இது பொய்' என்று ரிவெட் எண்ணுகிறவர்கள் முணுமுணுத்தார்கள். நான் இங்கே ஓவியர்களின் பக்கம். காணாமற்போன ஒளியியலைக் கையால் திருப்பி வைக்கிறார்கள் அவர்கள். ஒன்று மட்டும் உண்டு: தீட்டிய நிழல், அறைக்கென்று தீட்டியது. அதை வெயிலில் வைத்தால் இரண்டு நிழல்கள் ஒன்றோடொன்று சண்டையிடும். போட்டி நடுவர் கைப்பேனா அளவு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து ஒட்டின தையலைத் தேடும்போதும் இதே சங்கடம்தான். எந்த விளக்கில் தீர்ப்பு என்று சொல்லாமல் வண்ணத்துக்கும் நிழலுக்கும் மதிப்பெண் போடும் விதி, எந்த வெப்பநிலையில் என்று சொல்லாமல் கம்பியின் நீளத்துக்குத் தசமப் புள்ளி வைப்பது போன்றது.

கண்காட்சி நடத்துவோருக்கு ஒரு யோசனை. 1 சென்டிமீட்டர் அகலமுள்ள எல்.இ.டி. விளக்கொன்றை மாடலிலிருந்து 1.08 மீட்டர் தொலைவில் வைத்தால், அது அடைக்கும் கோணம் சூரியனுடையதே. ஒளிச்செறிவில் சூரியனை எட்டாது. ஆனால் நிழலின் விளிம்பு சரியாக விழும். மற்ற குழல் விளக்குகளை அணைத்துவிட வேண்டும். பக்கத்து மேசைக்காரர் ஒப்புக்கொண்டால்!

தடிமனைப் பற்றி இரண்டு வரி போதும். விமானத்தின்மேல் பெயிண்ட் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிமன். 1/72-க்கு அது 1.4 மைக்ரான் ஆக வேண்டும். வெள்ளைப் பெயிண்டில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடு துகள் ஒன்றே கால் மைக்ரான். ஐந்தாறு துகள் அடுக்கினால் தடிமன் தீர்ந்தது. அப்படிப் பூசினால் அடியிலுள்ள பிளாஸ்டிக்கை அது மறைக்காது. தூரிகையால் பூசும் 30 மைக்ரான் படலம், மாடல் கணக்கில் 2 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த தோல். எந்தச் சங்கமும் இதற்கு அட்டவணை போடவில்லை என்பது ஆறுதல்.

காற்றுக்கு எங்குமே இடமில்லை என்று சொல்வதாக வாசகர் கருத வேண்டாம். மாடல் ரயில் அரங்குகளின் பின்புறத்தில் வானமும் மலையும் தீட்டிய திரை இருக்கும். இங்கிலாந்தில் லாங் விட்டன்ஹாம் என்ற சிற்றூரில் உள்ள பென்டன் அருங்காட்சியகத்தில், 1920, 30-களில் இருந்த வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கின் கூரை வீடுகளையும் வயல்களையும் 1/76 அளவில் தொண்டர்கள் பல்லாண்டுகளாகக் கட்டி வருகிறார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ராய் இங்கிலாந்து என்பவர் தொடங்கிய பணி அது. இப்படிப்பட்ட காட்சியில் முன்னணியில் உள்ள வீட்டுக்கும் வண்டிக்கும் காற்று தேவையில்லை. பின்திரையில் 5 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாகத் தீட்டும் குன்றுக்கோ தெளிந்த நாளிலேயே 62 விழுக்காடு காற்று வேண்டும். அங்கே கஞ்சத்தனம் காட்டினால் குன்று மேசைமேல் வந்து விழும்.

மற்றோர் இடம் கப்பல். 1971-ல் ஜப்பானின் ஷிசுவோகா நகர நிறுவனங்கள் சேர்ந்து, நீர்மட்டத்துக்கு மேல் மட்டும் தெரியும் கப்பல்களை 1/700 விகிதத்தில் வரிசையாக வெளியிடத் தொடங்கின. 1/700 மாடலை அரை மீட்டரில் பார்ப்பது, கப்பலை 350 மீட்டரில் பார்ப்பது. பார்வைத் தொலைவு 20 கிலோமீட்டர் என்றால் வெண்திரை 6.6 விழுக்காடு, கண்ணுக்கு எட்டும் அளவுதான். கடல்மேல் ஈர மங்கல் இருந்து பார்வைத் தொலைவு 8 கிலோமீட்டராகக் குறைந்தால் ஏறக்குறைய 16 விழுக்காடு. விமானத்துக்குச் சொன்ன எண், வழிதவறிக் கப்பலில் வந்து பொருந்துகிறது! ஆனால் அங்கும் கலக்க வேண்டியது டப்பாவிலுள்ள வெள்ளை அல்ல. இடையிலுள்ள காற்று நம் கண்ணுக்கு அனுப்புவது அன்றைய அடிவானத்தின் நிறத்தை. திறந்த கடலில் அது பெரும்பாலும் நீலம் தோய்ந்த சாம்பல். மாலையில் அதில் சிறிது மஞ்சள்.